சுவரை விட்டுத் தள்ளி வைத்த பழைய ஸ்பீக்கர்

வணக்கம். ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்னிடம் வந்திருக்கிறது. எல்லோரும் சொல்வதுபோல ஸ்டாண்டில் ஏற்றி, பேஸ் (கனத்த அடியொலி) தரும் வூஃபருக்கும் பின்சுவருக்கும் நாலடி இருக்கும்படி வைத்தேன். பேஸ் வற்றிப்போய்க் கேட்கிறது. பெட்டிக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கெப்பாசிட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
கே.

அன்புள்ள கே.,

அது அப்புறம். முதலில் பெட்டியைச் சுவரோடு சேர்த்து வையுங்கள்.

ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் ஏஆர்-3ஏ 1967-இல் வந்தது. மூடிய பெட்டி, 12 அங்குல வூஃபர். அந்த நிறுவனம் வூஃபரை எப்படி அளந்தது தெரியுமா? பெட்டியை வெட்டவெளியில் தரைமட்டத்துக்குப் புதைத்து, முகம் வானத்தைப் பார்க்கும்படி வைத்து! அதாவது, வூஃபரைச் சுற்றி ஒரு பெரிய சுவர் இருப்பதுபோல. நீங்கள் அந்தச் சுவரை எடுத்துவிட்டீர்கள்.

எடுத்ததோடு போகவில்லை. பேஸ் ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகும். நாலடி போய்ச் சுவரில் பட்டு, நாலடி திரும்பி வருவதற்குள் சுமார் 70 ஹெர்ட்ஸ் ஒலி அரை அலை பின்தங்கிவிடுகிறது. முன்னால் கிளம்பிய ஒலியை அதுவே அடித்துவிடும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. தூரத்தை ஓரடியாக்கினால் ஒலி குறையும் இந்தப் பள்ளம் 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிப்போகும். அங்கே பெட்டியின் பின்பக்கம் போகும் ஒலி குறைவு, பள்ளமும் ஆழமாக இருக்காது. முன்பு ஏஆரில் இருந்த ராய் ஆலிசன் 1974-இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார்.

'எல்லோரும் சொல்வது' எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. 1957-இன் குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் முன்னும் பின்னும் ஒரே அளவு ஒலி விடும், அதைச் சுவரில் ஒட்டினால் கெட்டது. 1946-இன் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கருக்கோ அறையின் மூலையே அதன் ஹார்னின் (ஒலியைப் பெருக்கும் விரிகுழலின்) மிச்சப்பகுதி. ஏஆரை மட்டும் மூலையில் திணிக்காதீர்கள், குமுறும்.

நாற்காலியையும் நகர்த்திப் பாருங்கள். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் எந்த ஸ்பீக்கரிலும் பேஸ் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு பேஸ் வரவில்லையென்றால், வூஃபர் கோனை மெல்ல உள்ளே அழுத்திக் கையை எடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பெட்டியில் காற்றுக் கசிவு இல்லை. சட்டென்று திரும்பினால் ஓரத்து ஃபோம் வளையம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கெப்பாசிட்டர் வறண்டால் பெரும்பாலும் நடு ஒலி தரும் மிட்ரேஞ்சும் கீச்சொலி தரும் ட்வீட்டரும்தான் மங்கும். அந்தக் குறையை நீங்கள் சொல்லவேயில்லையே.