போன வருடம் பாதி, இந்த வருடம் கால்வாசி: காணியை விற்றாவது மகளைக் கொழும்புக்கு அனுப்புவதா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை, திருக்கடலூர். கணவர் கடற்றொழில் செய்கிறார், சொந்தப் படகு ஒன்று இருக்கிறது. மகள் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி எடுத்திருக்கிறாள். கொழும்பில் ஒரு தனியார் பட்டக் கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம். இதே பெறுபேறு எடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் ஸ்கொலர்ஷிப்பாகப் பாதிக் கட்டணம் கழித்தார்கள். இந்த முறை மகளுக்குக் கால்வாசிதான். நான்கு வருடத்துக்கும் கட்டணம் 20 இலட்சம். போடிங்கும் சாப்பாடும் மாதம் 35,000 வருமாம். மாத முடிவுக்குள் 50,000 கட்டிப் பதியாவிட்டால் அந்தக் கால்வாசியும் இல்லை என்று போனில் சொல்கிறார்கள். கம்பஸ் வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. சாம்பல்தீவில் மகளுக்கென்று வைத்திருக்கும் காணியை விற்றாவது அனுப்புவோமா? மகன் இப்போது ஓ.எல். வகுப்பில் இருக்கிறான். அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, காணியை இப்போது விற்க வேண்டாம். அரச பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவரும்வரை அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கிவையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாதி கிடைத்தது, உங்கள் மகளுக்குக் கால்வாசி கிடைத்தது என்பதால் உங்கள் மகளின் கெட்டித்தனம் குறைந்துவிடவில்லை. தனியார் நிறுவனங்கள் தரும் திறமைப் புலமைப்பரிசில் பெரும்பாலும் எங்கேயோ ஒதுக்கிவைத்த நிதியிலிருந்து வருவதில்லை. தாங்கள் அறவிடும் கட்டணத்தில் தாங்களே செய்யும் கழிவு அது. விண்ணப்பங்கள் கூடினால் கழிவைக் குறைப்பார்கள், இடங்கள் மிஞ்சினால் கூட்டுவார்கள். ஒவ்வொரு உள்வாங்கலுக்கும் புதிதாகத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே போன வருடத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, உங்கள் கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு போகும் என்று பார்ப்போம்.

நீங்கள் தந்த கணக்கையே எடுக்கிறேன். 20 இலட்சத்தில் கால்வாசி கழிந்தால் 15 இலட்சம். பாதி கழிந்திருந்தால் 10. இந்த 5 இலட்ச வித்தியாசத்தை நினைத்துத்தான் நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள். ஆனால் மாதம் 35,000 படி வருடத்துக்குப் பத்து மாதம் என்று வைத்தாலும், நான்கு வருடத்துக்குப் போடிங்கும் சாப்பாடும் 14 இலட்சம். கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பாதிக் கழிவு கிடைத்திருந்தாலும் உங்களுக்கு 24 இலட்சம் முடிந்திருக்கும். இப்போது 29. போக்குவரத்து, லப்டொப், பரீட்சைக் கட்டணம் எல்லாம் இதற்கு வெளியே. வீட்டில் பேச வேண்டியது இந்த 29 இலட்சத்தைப் பற்றி.

அதுவும் எல்லாம் நல்லபடி நடந்தால்தான் 29. நீங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வொரு செமஸ்டரிலும் ஜீ.பி.ஏ. (பாடங்களின் தரப் புள்ளிச் சராசரி) 3.5க்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே கழிவு தொடரும். இதைத் தயவுசெய்து மகளோடு இருந்து வாசியுங்கள். நம் நாட்டில் வழமையாக ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0. எனவே 3.5 என்பது எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸுக்கும் பி பிளஸுக்கும் நடுவில் நிற்பது. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, ஆங்கிலத்தில் ஒப்படை எழுதி, புது ஊரில் தனியாக இருந்து இதைப் பிடிக்க வேண்டும். பிடிக்க மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே புள்ளி சறுக்குவது அந்த முதல் வருடத்தில்தான். முதல் வருடத்தோடு கழிவு நின்றால் உங்களுக்கு மிச்சமானது வெறும் 1,25,000 ரூபா. மொத்தச் செலவு 32 இலட்சத்து 75 ஆயிரமாகிவிடும். கழிவு போய்விட்டாலும் இரண்டாம் வருடம் கட்டக்கூடிய வசதி இருந்தால் மட்டுமே அனுப்புங்கள். பாதியில் நிற்பதைப் போல ஒரு பிள்ளையை உடைப்பது வேறில்லை.

இன்னொன்றையும் அந்த அனுமதிக் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. நான்கு வருடத்துக்கும் கட்டணம் மாறாதா, அல்லது ஒவ்வொரு வருடமும் கூடுமா? பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தருவதாக இருந்தால் கட்டணத்தில் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ரூபா வரை போனது. ஆயிரம் டொலர் கட்ட வேண்டியிருந்த குடும்பத்துக்கு 2 இலட்சம் என்றிருந்தது இரண்டு மாதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம். கால்வாசிக் கழிவு அந்த வேகத்துக்கு ஒன்றுமே இல்லை.

இனி அரச பல்கலைக்கழகப் பக்கம் வருவோம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான், எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வணிகப் பிரிவுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம் எடுக்கிறார்கள். 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியை வைத்து உங்கள் மகளுக்குக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். விண்ணப்பத்தில் மகள் கற்கைநெறிகளை எந்த ஒழுங்கில் போட்டிருக்கிறாள் என்று கேளுங்கள். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் எல்லாம் போட்டுவிட்டு, நிலாவெளி கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தைச் சில பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ‘ஊர்க் கம்பஸ்தானே’ என்ற இளக்காரம். அந்த வளாகத்துக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து முகாமைத்துவக் கற்கைக்கென ஒரு தனி நெறியே இருக்கிறது. திருக்கடலூரிலிருந்து கோணேசபுரிக்கு வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வரலாம். 14 இலட்சம் அங்கேயே மிச்சம்.

கற்கைக் கட்டணம் இல்லை. அரசின் மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் மாதாமாதம் கையில் காசும் வரும். 2025 இல் அதை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். மஹாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது. படிக்கும்போதே பட்டயக் கணக்காளர் பரீட்சைகளையோ ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் பரீட்சையையோ எழுதத் தொடங்கலாம். ஆங்கிலத்துக்கு நல்ல வகுப்பொன்றுக்கு அனுப்புங்கள். கொழும்புப் பட்டத்துக்குப் போகவிருந்த காசில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். வணிகம் படித்த பிள்ளைக்கு வேலை தேடும்போது இந்தச் சேர்க்கை மிகவும் கைகொடுக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வெட்டுப்புள்ளி கைவிட்டால்? அப்போது தனியாரைப் பற்றி உண்மையாகவே யோசிக்கலாம். உள்ளூர் நிறுவனம் தானே பட்டம் தருகிறதென்றால் அந்தப் பட்டம் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே எழுதிக் கேளுங்கள். அதோடு, 2017 இலிருந்து அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று நடக்கிறது. வட்டியை அரசு ஏற்கும், கடன் தொகையைப் படிப்பு முடிந்த பிறகு கட்டத் தொடங்கலாம். ஆனால் குறிப்பிட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும்தான். மகளின் பட்டம் அந்த முறை வரும் அறிவித்தலில் இருக்கிறதா, ஸ்கொலர்ஷிப்போடு சேர்த்து எடுக்கலாமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கேட்டுவிடுங்கள். இது கிடைத்தால் காணியில் கைவைக்கும் தேவை பெரிதும் குறையும். ஊரிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் இலவசமாகக் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படிப்பதும் ஒரு வழிதான், அதை இறக்கிப் பார்க்க வேண்டாம். மகளுக்கு மனமிருந்தால் உயர்தரத்தை இன்னொரு தரம் எழுதலாம், மூன்று தடவை வரை இடமிருக்கிறது.

கட்டணத் தவணைத் திகதிகளைப் பற்றி யாருமே உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். அனுமதிக் கடிதத்தில் ஜனவரியும் ஜூலையும் என்று போட்டிருக்கிறது. வாடை தொடங்கிவிட்டால் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை உங்கள் வீட்டு நிலைமை எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படகு கரையில் கிடக்கும், கடையில் கடன் ஏறும், அந்த நேரம் பார்த்து ஏறக்குறைய இரண்டு இலட்சம் கட்ட வேண்டும். நகை அடகுக்குப் போவது அப்போதுதான். கடல் அடங்கித் தொழில் நடக்கும் மாதங்களுக்குத் தவணையை மாற்றித் தருமாறு கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. எது நடந்தாலும் படகையும் எஞ்சினையும் ஈடு வைக்காதீர்கள், வீட்டுக்கு வருமானம் வருவதே அதிலிருந்துதான்.

மகனையும் கணக்கில் சேருங்கள். அக்காவுக்குக் காணி விற்றுப் படிப்பித்தால், மூன்று வருடத்தில் அவனும் உயர்தரம் முடித்துவிட்டு நிற்கும்போது எதை விற்பீர்கள்? அந்தக் காணி மகளுக்கென்று வைத்தது. அவள் விரும்பிக் கேட்டால் அவளுடைய படிப்புக்குச் செலவழிப்பதில் தவறில்லை, சீதனமாகக் கொடுப்பதைவிட அது மேல் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் ஒரு நிறுவனம் போனில் குறித்த திகதிக்குப் பயந்து விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம். மகளே எழுதட்டும், நீங்களோ கணவரோ கையொப்பமிடுங்கள். பெறுபேற்றுப் பிரதி, குடும்ப வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தர் தரும் கடிதம் இரண்டையும் இணைத்து நான்கு விஷயம் கேளுங்கள். கழிவை மீளாய்வு செய்ய முடியுமா? ஜீ.பி.ஏ. நிபந்தனையை 3.0 ஆக்கி, ஒரு செமஸ்டர் தவறினால் அடுத்ததில் மீட்க இடம் தருவார்களா? தவணையை ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் மாற்றலாமா? அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் அந்த 50,000 திரும்பி வருமா? போனில் அழைக்கும் அலுவலர் ‘பிரச்சினை இல்லை அம்மா, பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது. நிறுவனத்தின் கடிதத் தாளில், கையொப்பத்தோடு பதில் வர வேண்டும். 50,000 திரும்பும் என்று எழுத்தில் தந்தால் கட்டிப் பதியுங்கள், இடமும் இருக்கும், வெட்டுப்புள்ளிக்கும் காத்திருக்கலாம். தர மறுத்தால், அந்தத் தொகை போனாலும் வீடு தாங்குமா என்று கணவரோடு இருந்து யோசியுங்கள். தாங்காது என்றால் கட்டாதீர்கள். இப்படிப்பட்ட நிறுவனங்களில் பல வருடத்தில் ஒரு முறைக்கு மேல் பிள்ளைகளைச் சேர்க்கின்றன, அடுத்த உள்வாங்கலுக்கு மகள் மறுபடி விண்ணப்பிக்கலாம்.