அமெரிக்கப் பள்ளியில் ஐ.இ.பி. மீறலைப் புகார் செய்தால் ஆசிரியர் வேலை போய்விடுமா?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் ஒரு பப்ளிக் ஸ்கூலில் ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர். அவரிடம் படிக்கும் பையன் ஒருவனின் ஐ.இ.பி.யில் வாரம் ஒரு மணி நேரம் ஸ்பீச் தெரபி என்று எழுதியிருக்கிறது. ஐ.இ.பி. என்பது அந்தப் பிள்ளைக்கென்றே எழுதப்பட்ட கல்வித் திட்டம், பள்ளி அதன்படி நடந்தே ஆக வேண்டும். ஆனால் தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகின்றன, மாற்று ஆள் வரவில்லை. பெற்றோரிடம் இதைப் பேச வேண்டாம் என்கிறாராம் பிரின்சிபல். எழுத்தில் புகார் கொடுத்தால் வேலை போகுமா என்பது கேள்வி.

போகலாம். ஆனால் நேரடியாகப் போகாது. "புகார் செய்ததால் நீக்குகிறோம்" என்று எந்த டிஸ்ட்ரிக்ட்டும் (அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) எழுதித் தராது, அவர்களிடமும் வக்கீல் இருக்கிறார்.

நானும் கலிபோர்னியாவில் இதே வேலையில் இருப்பவள். கூட வேலை பார்த்தவர்களுக்கு நடந்ததைப் பார்த்த வரையில், முதலில் மாறுவது எவால்யுவேஷன். போன வருடம் வரை பாராட்டி எழுதியவருக்கு இந்த வருடம் உங்கள் பேப்பர்வொர்க் தாமதமாகத் தெரியும், "டீமோடு ஒத்துப்போவதில்லை" என்று ஒரு வரி வரும். அப்புறம் வகுப்பிலிருந்து ஒரு பாராவை, அதாவது உதவியாளரை, எடுப்பார்கள். மீட்டிங்குக்கு அழைப்பு வராது. அடுத்த வருடம் ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்கு மாற்றல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். வரிசையாக வைத்து, நீங்கள் புகார் கொடுத்த தேதியையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இது என் கற்பனை இல்லை. ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் பமெல்லா செட்டில்குட் என்ற ஆசிரியை 1998-ல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குச் சரியான இடம் இல்லை, கருவிகள் இல்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, அவருக்கும் மேலே இருந்தவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. கடிதத்துக்குப் பிறகு, ஐ.இ.பி. எழுதத் தெரியவில்லை என்ற ரீதியில் மாறின. காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. அவர் வழக்குப் போட்டார், ஜூரி ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. விசாரணை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட, 2004-ல் ஒன்பதாம் சர்க்யூட் என்கிற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதை மீட்டுக் கொடுத்தது.

இதைப் படித்து உடனே தைரியம் வந்துவிட வேண்டாம். அவருக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று பேச்சுரிமை. 2006-ல் கார்செட்டி எதிர் செபயோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பெருமளவு சாத்திவிட்டது. அரசு ஊழியர் தன் வேலையின் பகுதியாகப் பேசுகிற பேச்சுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. அது ஒரு அரசு வக்கீலின் வழக்கு, ஆனால் அடி ஆசிரியர்களுக்கும் விழுந்தது. மிஷிகனில் டிராவர்ஸ் சிட்டியில் ஒரு ஸ்பெஷல் எஜுகேஷன் ஆசிரியை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் தன் கேஸ்லோட் (பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை) இருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னார். காண்ட்ராக்ட் போனது. வழக்கும் 2010-ல் ஆறாம் சர்க்யூட்டில் தோற்றது. அவர் தன் வேலையைப் பற்றி ஊழியராகத்தான் பேசினார் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், பத்திரிகைக்கு ஓடாமல், பொறுப்பாக மேலதிகாரியிடம் போய்ச் சொன்னவருக்குத்தான் இந்த வழியில் பாதுகாப்பு குறைவு. எனக்கு இன்றைக்கும் இது எரிச்சல்தான்.

அப்படியென்றால் எதைப் பிடித்துக்கொள்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்களை. 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தில் 504-ம் பிரிவு, 1990-ன் ஏ.டி.ஏ. என்கிற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இரண்டுமே, மாற்றுத்திறனாளிக்கு இழைக்கப்படும் பாகுபாட்டை எதிர்ப்பவரைப் பழிவாங்கக் கூடாது என்கின்றன. எதிர்ப்பவரும் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்று இல்லை. கலிபோர்னியாவில் ரிவர்சைட் கவுண்டி கல்வி அலுவலகத்தின் மேல் ஆசிரியை சூசன் பார்க்கர் போட்ட வழக்கில், 2009-ல் ஒன்பதாம் சர்க்யூட் இதைத் தெளிவாக்கியது. அவர் ஜெயித்தார் என்று சொல்லவில்லை, ஆசிரியருக்கு இந்த வழியில் வழக்குப் போட உரிமை உண்டு என்று சொன்னது. 2010-ல் அல்புகர்க்கியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டின் வழக்கும் இதே திசையில் போனது. பிள்ளைகளுக்குச் சேவை கிடைக்கவில்லை என்று சொன்னவருக்குக் கூடுதல் நேரக் காண்ட்ராக்டைக் குறைத்திருந்தார்கள். பத்தாம் சர்க்யூட், அதுவும் பழிவாங்கலாக இருக்க முடியும், விசாரிக்க வேண்டும் என்றது.

எனவே "எல்லாவற்றையும் டாக்குமென்ட் பண்ணுங்கள்" என்று எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. எந்த வார்த்தையில் எழுதுகிறீர்கள், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். "எனக்குப் பிள்ளைகள் அதிகம், சமாளிக்க முடியவில்லை" என்று எழுதினால் அது உங்கள் வேலைச்சுமை பற்றிய முனகல். "இந்த மாணவருக்கு ஐ.இ.பி.யில் உள்ள சேவை இன்ன தேதியிலிருந்து கொடுக்கப்படவில்லை, இது அவருடைய இயலாமை தொடர்பான உரிமையை மறுப்பது, ஐ.டி.இ.ஏ. சட்டத்துக்கும் 504-க்கும் எதிரானது" என்று எழுதினால் அதன் எடையே வேறு. (ஐ.டி.இ.ஏ. என்பது ஐ.இ.பி.யைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம்.) உணர்ச்சியெல்லாம் வேண்டாம், நாலு வரி போதும்.

வெளியே புகார் கொடுக்க இரண்டு இடம். மாநிலக் கல்வித் துறைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும், பொதுவாக 60 நாட்களில் முடிவு சொல்வார்கள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டும், நகலை டிஸ்ட்ரிக்ட்டுக்கும் அனுப்ப வேண்டும், ஒளிந்திருக்க முடியாது. இன்னொன்று மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம். பழிவாங்கல் நடந்தால் 180 நாட்களுக்குள் அங்கே போக வேண்டும். 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7-ஐ மூடிவிட்டார்கள் என்பதால், சீக்கிரம் பதில் வரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

என் கருத்தில் இதைவிட நல்ல வழி ஐ.இ.பி. மீட்டிங். பெற்றோர் எதிரில், "தெரபி இந்த மாதத்திலிருந்து நடக்கவில்லை, இது குறிப்பில் பதிவாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். புகார் கொடுக்க அவர்களுக்கும் முழு உரிமை உண்டு, அவர்களை யாரும் மாற்றல் செய்ய முடியாது. கலிபோர்னியாவில், பெற்றோருக்குச் சேவை கிடைக்க உதவும் ஆசிரியரை மிரட்டக் கூடாது என்று கல்விச் சட்டத்தில் 56046 என்று தனிப் பிரிவே இருக்கிறது. மற்ற மாநிலங்களில் எப்படி என்று அங்கங்கேதான் பார்க்க வேண்டும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில. மாணவரின் ஐ.இ.பி.யையோ ரிப்போர்ட்டையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். மாணவர் தகவல் ரகசியச் சட்டத்தை மீறினார் என்று உங்கள் மேலேயே நடவடிக்கை எடுக்க அவர்களுக்குக் கிடைக்கும் சுலபமான காரணம் அது. தேதியும் நடந்ததும் மட்டும் எழுதிய சொந்த நோட்டு ஒன்று போதும், பிள்ளையின் பெயர் அதில் வேண்டாம். நடக்காத தெரபிக்கு லாகில் (சேவைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போடச் சொன்னால் போடவே போடாதீர்கள். இந்தச் சேவைகளுக்குப் பல டிஸ்ட்ரிக்ட்டுகள் மெடிக்கெய்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், பணம் வாங்குகின்றன. பொய் லாக் என்றால் அரசுப் பணத்தைப் பொய் சொல்லி வாங்கியதாக ஆகும், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

அடுத்தது, நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது. கலிபோர்னியாவில் பொதுவாக முதல் இரண்டு வருடம் புரொபேஷன் (தகுதிகாண் காலம்). இரண்டாம் வருடம் மார்ச் 15-க்குள் சொல்லிவிட்டால், காரணமே காட்டாமல் அனுப்பலாம். பழிவாங்கல்தான் காரணம் என்றால் அதுவும் சட்டவிரோதம், ஆனால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். யூனியன் இருந்தால், தண்டனையில் முடியக்கூடிய எந்த மீட்டிங்குக்கும் பிரதிநிதி இல்லாமல் போகாதீர்கள். நீங்களாகக் கேட்க வேண்டும், அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் யூனியனுக்கு அந்த அளவு பலம் கிடையாது.

நம்மவர்கள் பலருக்கு இதற்கு மேல் ஒரு கவலை. விசா டிஸ்ட்ரிக்ட் கையில் இருக்கும். ஹெச்-1பி வேலை விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு டிஸ்ட்ரிக்ட் மனு போட வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் "தைரியமாகப் பேசு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள், வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

பிரின்சிபல்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1975-ல் ஐ.டி.இ.ஏ.வின் முதல் வடிவம் சட்டமாக வந்தபோது, கூடுதல் செலவுக்காக ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். முழுதாக ஒருபோதும் தந்ததில்லை, சமீப வருடங்களில் அதில் பாதிகூட வரவில்லை. பணம் இல்லை, தெரபிஸ்ட் கிடைப்பதில்லை, மேலிருந்து அழுத்தம். டெக்சாஸில் மாநிலக் கல்வித் துறையே 2004-லிருந்து, 8.5 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு அளவுகோல் வைத்திருந்தது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் வெளிக்கொண்டு வந்த பிறகுதான் அது நின்றது. அத்தனை வருடமும் அந்தப் பள்ளிகளில் உங்களை மாதிரி ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள்.

உங்கள் விஷயத்தில், விசா சிக்கல் இல்லையென்றால், நான் முதலில் பிரின்சிபலுக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் இயக்குநருக்கும் சேர்த்து அந்த நாலு வரி மின்னஞ்சலை அனுப்பி, ஐ.இ.பி. மீட்டிங் கூட்டச் சொல்வேன். தவறிப்போன மணி நேரங்களுக்கு ஈடாகத் தெரபி கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பையனுக்கு உண்மையில் வேண்டியது அதுதான், பெற்றோரும் மீட்டிங்கில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.