ஒரு நாள் வைத்து ஊற்றினால் உப்பு போய்விடுமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மொட்டைமாடியில் இருபது பைகளில் செடி வளர்க்கிறேன். குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். சில நாள் லாரித் தண்ணீர். குளோரின் போகட்டும் என்று ஒரு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் வெண்டை இலையின் ஓரம் கருகுகிறது, கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகிறது, பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா? ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

பதில்: அந்த வெள்ளைப் படிவு உப்பு. அதற்கும் குளோரினுக்கும் சம்பந்தமில்லை.

குளோரின் பற்றிய பயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். குழாய் நீரில் கிருமி வளராமலிருக்க லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு. இந்த அளவை நேரடியாக ஊற்றினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. மண்ணில் உள்ள மக்கு அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். ஜீவாமிர்தமோ (சாணம், கோமியம், வெல்லம் புளிக்க வைத்த கரைசல்) அசோஸ்பைரில்லமோ (நுண்ணுயிர் உரம்) கரைக்கும்போது மட்டும் கவனம் தேவை, நுண்ணுயிர்களை நாமே கொன்றுவிடக் கூடாதில்லையா? அதற்கு வாய் அகன்ற வாளியில் ஓர் இரவு வைத்தால் போதும். அதையும் துணி கட்டி மூடி வையுங்கள். டெங்குக் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

குளோரின் காற்றோடு போய்விடும். உப்பு போகாது. வாளியில் வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே இருக்கிறது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு கொஞ்சம் பாத்திரத்தின் அடியில் படியும், உண்மைதான். ஆனால் சோடியமும் குளோரைடும் இன்னும் அடர்த்தியாகும். கேஸ் செலவுதான் மிச்சம். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியுமே தவிர உப்பு குறையாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 1500 என்று வைத்துக்கொள்வோம், அதாவது லிட்டருக்கு 1500 மில்லிகிராம் கரைந்த உப்புகள். ஒரு பைக்கு தினம் 2 லிட்டர் ஊற்றினால் 3 கிராம். மாதத்துக்கு 90 கிராம். நிலத்தில் என்றால் மழை அதைக் கீழே இறக்கிவிடும். பைக்குள் எங்கே போகும்? வேரைச் சுற்றியே சேர்கிறது. மண் ஈரமாக இருந்தும் செடியால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. இலை ஓரம்தான் முதலில் கருகும்.

ஆகவே முதல் வேலை, ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குவது. பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். போர், லாரி, ஆர்ஓ கழிவு என்று மூன்றையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். லாரித் தண்ணீரை ஒவ்வொரு லோடுக்கும் அளக்க வேண்டும், ஏனென்றால் அது எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் அளவுகோலின்படி 450க்குள் இருந்தால் கவலையில்லை, 2000ஐத் தாண்டினால் பயன்படுத்துவதில் கடுமையான கட்டுப்பாடு தேவை. அது வயலுக்குச் சொன்னது. பையில் வளர்ப்பவர்கள் 800ஐத் தாண்டினாலே கலந்து ஊற்றப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. பயிருக்குப் பயிர் வித்தியாசம் உண்டு: பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்காது, பீட்ரூட் நன்றாகத் தாங்கும்.

மீட்டர் காட்டாத ஒன்றும் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் மெஷின், வைத்திருக்கிறார்களா என்று பராமரிப்பு ஆளிடம் கேளுங்கள். மாதாமாதம் மூட்டையாக உப்பு வந்து இறங்கினால், இருக்கிறது என்று அர்த்தம். அந்த மெஷின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், கீசர் பிழைக்கும், செடிதான் திண்டாடும். டிடிஎஸ் அளவோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடின நீரே செடிக்குப் பரவாயில்லை, சாஃப்ட்னர் நீர் வேண்டாம். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் பிரித்துத் தரச் சொல்லிச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பிளம்பருக்கு அது பெரிய வேலையில்லை.

ஆர்ஓ கழிவு நீருக்கு வருவோம். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி இதில்தான் வெளியேறுகிறது. உள்ளே போவது 400 என்றால் வெளியே வருவது 500, 600 இருக்கலாம், தாராளமாக ஊற்றலாம். உள்ளே போவதே 1200 என்றால் கழிவு 1500ஐத் தாண்டும்; அதைத் தனியாக ஊற்றாதீர்கள். கலப்பதற்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்ல துணை, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. 1500 உள்ள நீர் ஒரு பங்குக்கு ஏசி நீர் இரண்டு பங்கு சேர்த்தால் 500 சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் மழைநீர். நூறு சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர். முதல் மழையின் அழுக்கை ஓட விட்டு, அப்புறம் டிரம்மில் பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் செடிகளை மேலே ஷீட் போட்டுக் காப்பாற்றாதீர்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வடிகால் துளைகளை அடைப்பில்லாமல் வைத்தால், வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பை அந்த மழையே கழுவிவிடும்.

இப்போது உங்கள் பைகளுக்கு மழை வரை காத்திருக்க வேண்டாம். கிடைப்பதில் உப்பு குறைந்த தண்ணீரை, பை கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு, மூன்று நான்கு தடவையாகப் பிரித்து ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். 10 லிட்டர் பைக்கு 20 லிட்டர். கீழே தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், வடிந்ததைச் செடி திரும்ப உறிஞ்சக் கூடாது. சத்தும் சேர்ந்து போயிருக்கும் என்பதால் இரண்டு நாள் கழித்து மண்புழு உரம் கொடுங்கள். கோடையில் மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். தினமும் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு வருவதுதான் உப்பைச் சேர்க்கும் பழக்கம். ஊற்றும்போது அடியில் சிறிது வடியும் வரை ஊற்றுங்கள், இலையில் படாமல்.

கறிவேப்பிலையின் பிரச்சினை வேறு. இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கிறதா? அதுவும் கொழுந்தில் மட்டும்? அப்படியென்றால் இரும்புச்சத்து எட்டவில்லை. போர் நீரில் உள்ள பைகார்பனேட் மண்ணைக் காரமாக்குவதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. ஒரு லிட்டர் நீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமுக்கு மிகாமல் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். முதலில் ஒரே கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, டைல்ஸ் போட்ட மாடி என்றால் ஜாக்கிரதை. புளித்த மோர் ஊற்றுவதும் நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். கொஞ்சம் உதவும், ஆனால் காரம் மிகுந்த தண்ணீரைத் தினமும் ஊற்றிக்கொண்டே அதை மட்டும் நம்ப முடியாது. பழைய இலைகளே முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு, அதற்கு உரம்தான் தேவை.

நீங்கள் கேட்காத ஒன்று: மே மாதப் பகலில் மாடிக் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீர் கையைச் சுடும். அதைச் செடியில் விடாமல் வாளியில் பிடித்து ஆற வையுங்கள். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கருகிய இலைகள் திரும்பப் பச்சையாகாது, அவற்றைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் புதிதாக வரும் இலையைக் கவனியுங்கள். அதிலும் ஓரம் கருகினால், ஒரு பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாகி நாற்றமடித்தால் தண்ணீர் தேங்கி அழுகுகிறது. வடிகாலைச் சரிசெய்துவிட்டு மண்ணை மாற்றி நடுங்கள்.