மாரத்தானுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். பயிற்சியைக் குறைத்ததிலிருந்து கால் இறுகிக் கிடக்கிறது, மனதும் படபடக்கிறது. இது இயல்பா? என்ன செய்யலாம்?

இயல்புதான். டேப்பர், அதாவது பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் காலம், தொடங்கினால் கால் லேசாகிவிடும் என்று சொல்லித்தான் எல்லோரையும் அனுப்புகிறார்கள். பலருக்கும் முதல் வாரம் நேர்மாறாகத்தான் போகும். மாடிப்படி ஏறினாலே தொடை கனக்கும். காலையில் எழுந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் வாய் திறக்காத முழங்கால் திடீரென்று குத்தும்.

கனத்துக்கு ஒரு நேரடியான காரணம் உண்டு. ஓட்டம் குறைந்து சாப்பாடு குறையாதபோது தசைக்குள் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து, நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். எடை ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடினால் கொழுப்பு போட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். 30 கிலோமீட்டருக்குப் பிறகு உங்களைக் காப்பாற்றப்போகும் இருப்பு அது. எடை பார்க்கும் மிஷினைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். கடைசி நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டும்போது முள் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாற்காலி. ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறோம். போதாததற்கு, அந்த நேரம் முழுக்க உடம்பையே கவனித்துக்கொண்டிருக்கிறோம். நாக்கு பல்லிடுக்கைத் தேடிப் போவதுபோல மனது முழங்காலைத் தேடிப் போகும். ஒவ்வொரு டேப்பரிலும் எனக்கு வலது குதிகால் பேச ஆரம்பிக்கும். பந்தயத்தன்று அப்படியொரு குதிகால் இருப்பதே நினைவுக்கு வராது.

நான் பார்த்தவரை இறுக்கம் அதிகமாகிறவர்கள், டேப்பர் என்றால் ஓய்வு என்று எடுத்துக்கொண்டவர்கள். குறைக்க வேண்டியது தூரத்தை மட்டும். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2007-ல் வெளிவந்த ஓர் அலசல் சொல்வதும் இதுதான்: இரண்டு வாரம், மொத்தப் பயிற்சி அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்திலும் ஓடும் நாட்களின் எண்ணிக்கையிலும் கைவைக்க வேண்டாம். வாரம் ஐந்து நாள் ஓடியவர் அதே ஐந்து நாளும் ஓடட்டும், வழக்கமான அதே நேரத்தில். பத்து கிலோமீட்டர் ஓடிய நாளில் ஐந்து போதும். வாரத்தில் ஒரு நாள் பந்தய வேகத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர்.

அதைவிட முக்கியம் ஸ்ட்ரைட்ஸ் எனப்படும் குட்டி வேக ஓட்டங்கள். மெதுவோட்டத்தின் கடைசியில் இருபது விநாடி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, முழு மூச்சில் ஓடாமல், தோளைத் தளர்த்தி ஓடுங்கள். பிறகு மூச்சு சீராகும்வரை நடை. நான்கைந்து முறை போதும். உயிரில்லாமல் கிடக்கும் காலை எழுப்ப இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வெறும் மெதுவோட்டமாகவே ஓடிக்கொண்டிருந்தால் மந்தம்தான் கூடும்.

இறுக்கமாக இருக்கிறதே என்று இதுவரை செய்யாத ஆசனம், ஆழமான மசாஜ் எல்லாம் கடைசி வாரத்தில் வேண்டாம். அதனால் வரும் வலி இரண்டு, மூன்று நாள் நிற்கும். மெல்ல நடங்கள், மூட்டுகளைச் சுழற்றுங்கள், மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

எல்லா வலியையும் மனப்பிரமை என்று ஒதுக்கவும் கூடாது. இன்று முழங்கால், நாளை இடுப்பு என்று இடம் மாறி, ஓடத் தொடங்கியதும் மறைந்தால் விட்டுவிடலாம். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், அதுவும் எலும்பின் மேல் வலித்தாலோ, ஓட ஓடக் கூடினாலோ, நொண்ட வைத்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் குடைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பந்தயம் அப்புறம்.

இனி படபடப்பு. 'இன்னும் ஒரே ஒரு லாங் ரன் ஓடிப் பார்த்துவிடலாமா' என்ற வடிவில்தான் அது முதலில் வரும். கடினமான ஒரு பயிற்சியின் பலன் உடம்பில் சேரப் பத்து நாளாவது ஆகும். களைப்பு மறுநாளே வந்துவிடும். அதனால் கடைசிப் பத்து நாளில் செய்யும் பெரிய பயிற்சி பந்தயத்தன்று களைப்பாக மட்டுமே வந்து நிற்கும். கை பரபரத்தால் அதற்கு வேறு வேலை கொடுங்கள். எந்தக் கிலோமீட்டரில் சக்திக்கான ஜெல் சாப்பிடுவது, முதல் பாதியில் என்ன வேகம், வெயில் ஏறினால் எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் எழுதி மூடிவிடுங்கள். முன்பே ஓடிப் பழகிய ஷூவையும் உடையையும் எடுத்து வைத்தால் பாதிப் பதற்றம் குறையும்.

'அமைதியாக இரு' என்று மனதை மிரட்டுவதில் பயனில்லை. மேடைப் பேச்சுக்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியதை 2014-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நெஞ்சு அடித்துக்கொள்வது பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் ஒன்றுதானே, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வராது, அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் ஓர் இரவு போனதால் பெரிதாக ஒன்றும் கெடாது.

காலையில் இறுக்கம் இன்னும் இருந்தாலும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இபுப்ரோஃபென் வகை மாத்திரையோடு நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்குச் சுமை. முதல் மூன்று கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடச் சற்று மெதுவாக விடுங்கள். கால் அதற்குள் இளகிவிடும்.