வாசகர் கேள்வி பதில்: பிளேக் வந்த ஊர்ல சாமியும் மனுஷனும்

கேள்வி: இங்கிலாந்துல ஈம்னு ஒரு கிராமம் பிளேக் வந்தப்போ ஊரையே பூட்டிக்கிட்டு உள்ளேயே இருந்துச்சாமே, பாதிரியார் சொன்னார்னு ஒரு ஊரே சாகறதுக்கு சம்மதிக்குமா? நம்ம ஊரா இருந்தா சம்மதிப்போமா? (வேலந்தாவளம் வாசகர்)

சம்மதிச்சாங்க, ஆனா லேசுல இல்லைங்க. 1665 செப்டம்பர்ல லண்டன்ல இருந்து தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்துச்சு, அதுல நோயைப் பரப்பற தெள்ளுப்பூச்சி இருந்திருக்கணும்னு சொல்றாங்க, அந்த வீட்ல வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ்தான் முதல்ல செத்தவர். குளிர்காலத்துல கொஞ்சம் அடங்கின நோய் 1666 கோடையில மறுபடி ஏறுச்சு. வசதி இருந்தவங்க அதுக்குள்ள கிளம்பிப் போயிட்டாங்க, மிச்சம் இருந்தவங்களும் கிளம்பத் தயாரா இருந்தப்பதான் பாதிரியார் வில்லியம் மாம்பஸன், யாரும் எல்லை தாண்ட வேண்டாம், சுத்தி இருக்கற ஊருக்கு இதைக் கொண்டு போக வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.

சிக்கல் என்னன்னா அவர் ஊருக்குப் புதுசு, ஜனங்களுக்கு அவர் மேல பிடிப்பே கிடையாது. முன்னாடி இருந்த தாமஸ் ஸ்டான்லி மேலதான் மரியாதை, அவரை அரசாங்கத்தோட சர்ச் சட்டத்துக்கு கட்டுப்படலைன்னு பதவிய விட்டு எடுத்திருந்தாங்க. ஒரே வேதத்தைப் படிச்சுட்டு எதிரெதிர் கட்சியில நின்ன ரெண்டு பேர், அவங்க சேர்ந்து வந்து பேசின பிறகுதான் ஊர் கேட்டுச்சு. இந்தக் கதையில என் மனசுல நிக்கறது இதுதாங்க, நோய் வந்தா சாதி மதம் எல்லாம் மறந்துரும்னு சும்மா சொல்றோம், அது தானா மறக்காது, யாராவது ரெண்டு பேர் முதல்ல இறங்கி வரணும்.

அப்புறம் நடந்தது சாதாரணம் இல்லை. சர்ச்சைப் பூட்டிட்டு வெளியில ஒரு பள்ளத்துல தள்ளித் தள்ளி நின்னு ஜெபம் பண்ணாங்க, செத்தவங்களை அவங்கவங்க வீட்டாளே தோட்டத்துலயோ வயல்லயோ புதைச்சாங்க. எல்லைக் கல்லுல குழி தோண்டி, காசுல நோய் ஒட்டக் கூடாதுன்னு வினிகர் ஊத்தி அதுக்குள்ள காசைப் போட்டு வைப்பாங்க, வெளியூர்க்காரங்க சாமானை வச்சுட்டு காசை எடுத்துட்டுப் போவாங்க. பக்கத்து அரண்மனைக்காரரான டெவன்ஷயர் பிரபு சாப்பாடு அனுப்பினார், அது இல்லாம பக்தி மட்டும் வச்சு எத்தனை நாள் தாங்கியிருப்பாங்கன்னு யோசிக்கணும். எலிசபெத் ஹான்காக்ங்கற அம்மா எட்டே நாள்ல புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலயே புதைச்சாங்க. நோய் நின்னப்போ 1666 நவம்பர், 14 மாசத்துல 260 பேர் போயிட்டாங்கன்னு ஊர்க் கணக்கு.

அதே ஊர்ல மார்ஷல் ஹோன்னு ஒருத்தர், நோய் வந்து பிழைச்சவர், தனக்கு இனி வராதுன்னு நம்பி குழி தோண்டற வேலைக்கு வந்தார், கூலியா செத்தவங்க வீட்டுச் சாமானை எடுத்துக்கிட்டார். பாதிரியாரும் ஊரை அடைக்கறதுக்கு முன்னாடியே தன் பிள்ளைகளை வெளியூர் அனுப்பி வச்சுட்டார், மனைவி கேத்தரின் மட்டும் போக மாட்டேன்னு கூடவே இருந்து ஆகஸ்ட்ல செத்தாங்க. பிள்ளைகளை அனுப்பினதுக்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்த வாய்ப்பு ஹான்காக் அம்மாவுக்கு இல்லைங்கறதையும் சொல்லித்தான் ஆகணும். எல்லாம் முடிஞ்சு அவர் வேற ஊருக்கு வேலைக்குப் போனப்போ அங்க இருந்தவங்க பயந்துக்கிட்டு அவரை ஊருக்குள்ள விடலை, வெளிய ஒரு குடிசையிலதான் இருந்தார்.

நம்ம ஊர் சம்மதிக்குமான்னு கேட்டீங்க. 2020 மே மாசம் கொரோனா ஊரடங்குல, தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கற வாளையார் செக்போஸ்ட்ல பாஸ் இல்லாம ஜனங்க வெயில்ல காத்துக் கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அக்கம்பக்கத்துல பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்து, காலையில கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் சாயங்காலம் பாலக்காட்டுப் பக்கம் திரும்பற ஜனம் நாம, ஒரே வாரத்துல "அவங்களால"ன்னு பேசினோம். நாம கதவைச் சாத்தினது வெளியாள் வந்துரக் கூடாதுன்னு, ஈம் சாத்தினது நம்மால வெளியாளுக்கு வந்துரக் கூடாதுன்னு. ரெண்டுக்கும் பூட்டு ஒண்ணுதான். கும்பிடற சாமி நம்மளை எந்தப் பக்கம் நிறுத்துதுன்னுதான் நான் பார்ப்பேன்.

கேள்வி: கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கே, இது மூடநம்பிக்கைதானே? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

அப்படி ஒரே வார்த்தையில முடிக்காதீங்கம்மா. 1896ல பம்பாய்ல புகுந்த பிளேக் வருஷக்கணக்கா ஊர் ஊரா வந்துச்சு, இந்தியா முழுக்க ஒரு கோடிக்கும் மேல சாவு. மருந்துன்னு ஒண்ணும் கையில இல்லை, 1897ல பம்பாய்ல ஹாஃப்கின்ங்கற விஞ்ஞானி தடுப்பூசி கண்டுபிடிச்சாலும் எல்லாருக்கும் கிடைக்கலை, கிடைச்ச இடத்துலயும் பயம். எலி விழுந்தா ஊரைக் காலி பண்ணி வெளியில கொட்டகை போட்டு இருந்தாங்க. எலி செத்தா அதோட தெள்ளுப்பூச்சி மனுஷனைத் தேடி வரும், 1898ல கராச்சியில சிமோன்ட்ங்கற பிரெஞ்சு டாக்டர் எலியில இருந்து தெள்ளுப்பூச்சி வழியாத்தான் பிளேக் பரவுதுன்னு காட்டினார், அதனால வீட்டை விட்டு வெளியேறினது சரியான வேலை. அப்படி வெளியில குளிர்ல கிடந்தவங்களுக்கு ஒரு அம்மன் கூடவே இருக்கான்னு தோணினா அதைப் போய் நான் கேலி பண்ண மாட்டேன்.

ஆனா ஒண்ணு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டா வெளியூர்ல ராத்தங்கக் கூடாது, வேப்பிலை, மஞ்சத்தண்ணி, இதெல்லாம் முன்னோர் கண்டுபிடிச்ச க்வாரன்டைன்னு வாட்ஸ்அப்ல வருதே, அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதைச் செஞ்சவங்க பக்தியாத்தான் செஞ்சாங்க, அதுக்கு லேப் சர்டிபிகேட் வாங்கித் தர வேண்டிய அவசியம் இல்லை. 2021ல கோயம்புத்தூர் இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்கே சிலை வச்சாங்க. சாமி கும்பிட்டுட்டு ஊசியும் போட்டுக்கிட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, கும்பிட்டாச்சு ஊசி வேண்டாம்னு வீட்டுப் பெரியவங்களை உக்கார வச்சா அதுதான் தப்பு.

கேள்வி: நோயாளியைக் கொட்டகையில விட்டுட்டு ஓடிப் போயிருவாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். மனுஷன் அவ்வளவுதானா? (சித்தூர் வாசகர்)

ஓடினவங்களும் உண்டு, ஓடாதவங்களும் உண்டுங்க. 1897ல பூனாவுல, பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தின சாவித்திரிபாய் புலே பிளேக் வந்தவங்களைப் பார்த்துக்கிட்டிருந்து அதே நோய்ல மார்ச் 10ந்தேதி செத்தாங்க. அதே ஊர்ல அதே வருஷம் சோதனைங்கற பேர்ல சிப்பாய்ங்க வீடு புகுந்து பொம்பளைங்களை அவமானப்படுத்தினதுல கோபம் பொங்கி, பிளேக் அதிகாரி ரேண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. அரசாங்கம் மனுஷனை மனுஷனா நடத்தலைன்னா அவன் நோயாளியை ஒளிச்சுத்தான் வைப்பான், அதை அவன் அறியாமைன்னு எழுதிட்டுப் போறது நியாயம் இல்லை. ஓடினவங்களைப் பத்தியும் ஆத்தாகிட்ட இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க, இடுப்புல ஒரு குழந்தை இருந்திருக்கலாம், அதைக் காப்பாத்த ஓடியிருக்கலாம்.

கேள்வி: பிளேக் இன்னும் இருக்கா? (கொல்லங்கோடு வாசகர்)

இருக்கு. 1994ல சூரத்துல பயந்து லட்சக்கணக்குல ஊரை விட்டு ஓடினாங்க, 2017ல மடகாஸ்கர்ல வந்துச்சு. ஆனா இப்போ ஆன்டிபயாட்டிக் இருக்கு, சீக்கிரம் போனா பிழைச்சுக்கலாம். நிறைய எலி ஒரே நேரத்துல செத்துக் கிடந்தா கையால தொடாதீங்க, சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்க. காய்ச்சலோட தொடையிடுக்குலயோ அக்குள்லயோ நெறி கட்டி வலிச்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிருங்க.