மகளின் பிறந்தநாளுக்கு ஐந்து தோழிகள் ராத்திரி தங்க வருகிறார்கள். என்னென்ன விளையாட வைக்கலாம்?

"சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தூங்குகிற வரைக்கும் ஒரு நிமிஷம்கூடப் போரடிக்கக் கூடாது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் மணி போட்டு வைத்திருந்தேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் மகளுக்கும் ஒன்பது, பத்து வயசு இருக்கும், வீடும் எங்களுடையது மாதிரி இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

"இதெல்லாம் நம்ம பழக்கமா, வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் புதுசு. முழுப்பரீட்சை லீவுக்குக் குளித்தலையில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பதினோரு பிள்ளைகள் கோரைப்பாயில் வரிசையாகப் படுத்துக் கிடப்போம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அந்த வீட்டை விற்றாகிவிட்டது. என் மகளுக்குப் பக்கத்தில் பெரியம்மா வீடும் இல்லை, சித்தி வீடும் இல்லை. கூட்டாளிகளோடு படுத்துக் கதை பேச அவளுக்கு ஒரு ராத்திரி வேண்டாமா?

நான் போட்ட திட்டம் இது: ஆறரைக்குப் புதையல் வேட்டை, ஏழேகாலுக்கு நெயில் பாலிஷ், எட்டுக்கு பீட்சா, ஒன்பதுக்குப் படம். புதையல் வேட்டைக்குத் துப்புச் சீட்டு எழுதவே எனக்கு இரண்டு நாள் ஆனது. பிள்ளைகள் பன்னிரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நெயில் பாலிஷ் வேண்டாம், அம்மா திட்டுவாங்க என்று மூன்று பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். எட்டு மணிக்குப் பார்த்தால் இரண்டு பேர் மூலையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் என் மகளுக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று சண்டை போடுகிறார்கள்.

அப்போது காப்பாற்றியது என் மாமியார். சித்திரை மாசம், வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "ஏ பாப்பா, எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டு ஆளுக்கொரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தார். உள்ளே டைல்ஸ், தேய்த்தால் வழுக்கும். பால்கனியில் சிமெண்டுத் திண்டு இருக்கிறது, அங்கே வைத்துத் தேய்க்கச் சொன்னார். "வேகமா தேய், இன்னும் வேகமா. இப்ப அவ கையில வை." வைத்ததும் அந்தப் பிள்ளை "ஆ!" என்று துள்ளியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொட்டை அப்படிச் சுட்டுவிடும். அடுத்த நொடி ஆறு பேரும் திண்டில் வரிசையாகக் குந்தித் தேய்க்கிறார்கள், ஒருத்தர் கையில் ஒருத்தர் வைக்கிறார்கள், டேப்லெட் சோபாவில் அநாதையாகக் கிடக்கிறது. (தோல் மெல்லியதாக இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். எட்டு வயசுக்கு மேலே என்றால் சரி.)

ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளை தெரிகிற ஆறு கொட்டை சேர்ந்துவிட்டால் தாயக்கட்டை தயார், கடைக்குப் போக வேண்டாம். உருட்டிப் போட்டு, மேலே தெரிகிற வெள்ளையை எண்ண வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். ஆறும் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை போடலாம். தாயம் விழாமல் காய் இறங்காது, எதிராளியின் காயை வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக முடியாது. ஏழுக்கு ஏழு கட்டம் போட்டால் ராத்திரி பூராவும் ஓடும், ஐந்துக்கு ஐந்து போதும். மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். சட்டைப் பொத்தான், உடைந்த வளையல், கிளிப் எல்லாம் காயாகிவிட்டன. மூன்று பேர் மூன்று பேராகப் பிரித்துவிட்டதால் பக்கத்தில் யார் படுப்பது என்ற சண்டையும் மறந்துபோனது.

பல்லாங்குழிப் பலகை இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் குண்டுமணியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், அதன் பருப்பில் கொடிய விஷம் இருக்கிறது. புளியங்கொட்டையோ சோழியோ போதும்.

மொட்டை மாடி என்றதும் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் குடியிருப்பில் மாடிக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். ஆறு பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உட்காருவதற்கு நான் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, செயலாளரை மூன்று தடவை பார்த்து, "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல" என்று எழுதிக்கொடுத்து, சாவி வாங்கினேன். மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவள்தான் நானும். அதே மாடியில் டிஷ் மாட்டுகிறவர் எந்த நேரமும் ஏறி இறங்கலாம். பிள்ளைகளுக்குத்தான் வானத்தைப் பார்க்க அனுமதி வேண்டியிருக்கிறது. கைப்பிடிச் சுவர் நெஞ்சுயரம் இருக்கிறது, பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே இருந்தோம், இதற்கு மேல் என்ன வேண்டும்? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீட்சாவைக் கைவிட்டோம். ஒரு பெரிய பாத்திரத்தில் பருப்பு சாதம் நெய் விட்டுக் குழைத்து, அப்புறம் தயிர் சாதம், அந்த வருஷத்து மாவடு, சுட்ட அப்பளம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து மாமியார் நடுவில் இருந்து ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் போட்டார். வளர்பிறைப் பஞ்சமி, பாதிக்கும் குறைவான நிலாதான். அதுவே போதுமாக இருந்தது. வீட்டில் சோற்றைத் தள்ளிவைப்பாள் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பிய பிள்ளை, ஐந்தாவது உருண்டைக்குக் கை நீட்டினாள்.

மே மாசம் ஒன்பது மணிக்கு மேல் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். முன்னால் இருக்கிற இரண்டு நட்சத்திரங்களை ஒரு கோடாக நினைத்து, அந்தத் தூரத்தைப் போல ஐந்து மடங்கு கீழே இறங்கினால் துருவ நட்சத்திரம். திருச்சி பதினொரு டிகிரி அட்சத்தில் இருக்கிறது, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே பதினொரு டிகிரிதான். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய ஒரு முஷ்டி உயரம். எங்களுக்கு எதிர்க்கட்டடம் மறைத்துவிட்டது. ஆனால் வாலில் நடு நட்சத்திரமான வசிஷ்டரை ஒட்டி மங்கலாக இருக்கிற அருந்ததியை, ஊர் வெளிச்சத்தையும் மீறி இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாணத்தில் ஐயர் பகலிலே காட்டுவாரே, அதுவா இது என்று ஒருத்தி கேட்டாள். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 80 வருஷம் இருக்கும், நம்ம பாட்டி பிறக்கிறதுக்கும் முன்னாடி என்று நான் சொன்னதும், எல்லோரும் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே வந்து விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையான விருந்து. அதற்கு நீங்கள் ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம், ஒரு பொறி வைத்தால் போதும். நான் "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முடி நரை முடி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முக்கால் மணி நேரம் இருட்டில் நரிதான். அதற்கப்புறம் ஆளுக்கொரு வரியாகச் சேர்த்துக் கதை சொன்னார்கள். பேய்க்கதை ஆரம்பித்தபோது மட்டும் நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பிள்ளையாவது பயந்துபோகும், வெளியே சொல்லாது.

இனி நான் சொல்ல வருவதுதான் எனக்கு முக்கியம். விளையாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், இதை யாரும் எழுதுவதில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். அறை வாசலில் ஒரு பிள்ளை நிற்கிறது. இரவு உடையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக. அழவில்லை. எவ்வளவு நேரமாக நின்றதோ. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒன்பது வயசில் நான் அப்படி நின்றிருக்கிறேன். கரூரில் ஒரு உறவினர் வீடு. விடிந்ததும் அந்தம்மா என் பாயைத் தெருப்பக்கத் திண்ணையில் காயப்போட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் "இத்தனை வயசாச்சு, பாருங்க" என்று சத்தமாகச் சொன்னார். அதற்கப்புறம் நான்கு வருஷம் நான் எந்த வீட்டிலும் தங்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லாரும் மருதாணி வைத்துக்கொண்டு மண்டபத்தில் படுத்தபோது, நான் அப்பாவோடு கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணம் யாருக்கும் தெரியாது.

அதனால் விளக்குப் போடவில்லை. "வாடா கண்ணு" என்று மட்டும் சொல்லி, குளியலறைக்குக் கூட்டிப்போய், என் மகளின் உடையைக் கொடுத்தேன். விரிப்பைச் சுருட்டி வாஷிங் மெஷினில் போட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரைப் பாயில் நானே கவிழ்த்துவிட்டேன். காலையில் ஒருத்தி "ஏன் ஆன்ட்டி பாய் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள். "ராத்திரி சொம்பைத் தட்டிவிட்டுட்டேன்மா" என்றேன். அந்தப் பிள்ளை தோசையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

பொய் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், ஆமாம், அந்தப் பொய்யை நான் மறுபடியும் சொல்வேன். பத்து வயசுக்கு மேலும் சில பிள்ளைகளுக்கு இது இருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் மூளைக்குத் தெரியாமல் நடப்பது, சோம்பேறித்தனம் இல்லை, பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும், குடும்பவழியாகவும் வரும். என் தவறும் இருந்தது. பத்து மணிக்கு எல்லாருக்கும் ஒரு பெரிய டம்ளர் ரோஸ்மில்க் கொடுத்திருந்தேன்.

ஆகவே அழைக்கும்போதே ஒவ்வொரு அம்மாவிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், வாட்சப் குழுவில் கேட்காதீர்கள். என்ன சாப்பிடக் கூடாது, வீசிங் உண்டா, ராத்திரி எழுப்ப வேண்டுமா, வீட்டு ஞாபகம் வந்தால் எத்தனை மணிக்கும் போன் செய்யலாமா. வந்த பிள்ளைகளில் ஒருத்தி இன்ஹேலர் வைத்திருந்தாள், அவளுக்காகக் கொசுவர்த்தி ஏற்றாமல் வலை கட்டினோம். "வீட்டில் ஆண்கள் யார் இருப்பாங்க?" என்று சிலர் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், கேட்கத்தான் வேண்டும். என் கணவர் அன்றைக்குத் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டார், அதை நானே முந்திக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். படுக்கப் போகும் முன் எல்லாரையும் ஒரு தடவை பாத்ரூமுக்கு அனுப்புங்கள். ஒரு சின்ன விளக்கு வழியில் எரியட்டும். மாற்று உடையும் விரிப்பும் கைக்கெட்டும் இடத்தில், யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும்.

போன மாசம் அந்தப் பிள்ளை மறுபடி எங்கள் வீட்டில் தங்கினாள். பையைத் திறந்தபோது பார்த்தேன், தன் விரிப்பைத் தானே மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மற்றவர்கள் தாயம் போட்டுக்கொண்டிருந்த நேரம் சமையலறைக்கு வந்து, "ஆன்ட்டி, ரெண்டு மணிக்கு எழுப்பிவிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். எழுப்பினேன்.