கண்ணை மூடும் கருவி, மூடாத கருவி: வி.ஆர்., ஏ.ஆர். பற்றி நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

வி.ஆர்., ஏ.ஆர். இரண்டும் ஒன்றா? கடைக்குக் கடை வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

ஒன்றல்ல. வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உலகம்) உங்கள் கண்ணை முழுக்க அடைத்துவிட்டு வேறோர் இடத்தைக் காட்டும். நீங்கள் இருப்பது கோத்தகிரியில், கண்ணுக்குத் தெரிவது நிலவின் தரை. ஏ.ஆர். (ஆக்மெண்டட் ரியாலிட்டி, நிஜத்தின்மேல் கற்பனையைச் சேர்ப்பது) அப்படி அடைக்காது. எதிரில் உள்ள மேசை மேசையாகவே தெரியும். அதன்மேல் இல்லாத பூச்சாடி ஒன்றை இருப்பதுபோல் வைத்துக் காட்டும். 2016ல் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தார்களே, போக்கிமான் கோ விளையாட்டு, அது இந்த வகை.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். 1968ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். கனம் தாங்காது என்பதால் அதை உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. வெறும் கோடுகளால் ஆன உருவங்கள் அந்த அறைக்குள்ளேயே மிதப்பதுபோல் அதில் தெரிந்தன. இன்றைய கணக்கில் அது ஏ.ஆர்.தான்.

கடைக்காரர்கள் குழம்புவதிலும் நியாயம் உண்டு. மெட்டா குவெஸ்ட் 3 (2023), ஆப்பிள் விஷன் புரோ (2024) போன்ற ஹெட்செட்டுகள் (தலையில் மாட்டிப் பார்க்கும் கருவிகள்) வெளிப்பக்கக் கேமராக்களால் உங்கள் அறையைப் பிடித்து உள்ளே திரையில் காட்டுகின்றன. வேண்டும்போது அறையை மறைத்துவிடவும் செய்யும். ஆக ஒரே பெட்டி இரண்டு வேலையையும் பார்க்கிறது.

வாங்கப் போகிறவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தலையைத் திருப்புவதை மட்டும் உணரும் கருவியா, நடப்பது, குனிவது, எட்டிப் பார்ப்பது எல்லாம் தெரியுமா? முதல் வகைக்குப் போனில் உள்ள, திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப்பே போதும். இரண்டாம் வகைக்கு அறையைத் தொடர்ந்து கவனிக்கும் கேமராக்களும் வேண்டும். தலை அசைந்து சுமார் 20 மில்லி வினாடிக்குள் படமும் நகர வேண்டும். தாமதம் அதற்கு மேல் போகப்போக உலகம் வழுக்குவதுபோல் இருக்கும். விளம்பரத்தில் திரையின் புள்ளிக் கணக்கை 4கே, 8கே என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எங்கள் பார்வையில் அதெல்லாம் இரண்டாம் பட்சம். தலை எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் துல்லியமாகத் தெரியவில்லை என்றால் எந்த 'கே'யும் காப்பாற்றாது. இந்த இதழில் வந்த மற்ற கேள்விகளில் பாதி இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள். சூரியக் குடும்பத்தை வி.ஆரில் காட்ட ஆசை. பணம் அதிகம் இல்லை. அட்டையிலேயே செய்துவிடலாம் என்கிறார்களே?
– அறிவியல் ஆசிரியை, குன்னூர்

செய்யலாம். போனை உள்ளே வைத்துப் பார்க்கும் அட்டைப் பெட்டிக்காகக் கூகுள் 2014ல் வெளியிட்ட 'கார்ட்போர்டு' வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. அட்டைப் பெட்டி விற்பதை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டாலும் வடிவத்துக்கும் மென்பொருளுக்கும் தடை இல்லை.

முக்கியமான பொருள் லென்ஸ். 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத் தூரம் கொண்ட இருபுறக் குவிலென்ஸ் இரண்டு வேண்டும். வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்து, எதிர்மலையின் பிம்பம் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்தால் அதுதான் குவியத் தூரம். இரண்டு லென்ஸும் ஒரே அளவு காட்டவேண்டும். இரண்டு மி.மீ. வித்தியாசம் இருந்தாலே பிள்ளைகளுக்கு நெற்றி வலிக்கும். பிள்ளைகளையே அளக்கவிட்டால் ஒளியியல் பாடத்திலும் ஒரு செய்முறை முடிந்துவிடும்.

லென்ஸிலிருந்து போன் திரை 40 முதல் 42 மி.மீ. தூரத்தில் இருக்கட்டும், அதாவது குவியத் தூரத்துக்குச் சற்றுக் குறைவாக. இரண்டு லென்ஸின் மையங்களுக்கும் இடையே 60 முதல் 64 மி.மீ. விடுங்கள். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு அவசியம். அது இல்லாவிட்டால் ஒரு கண் மற்றக் கண்ணுக்குரிய திரைப் பாதியையும் பார்த்துவிடும். திரையின் நடுக்கோடு இந்தத் தடுப்புக்கு நேராக இருக்கவேண்டும். போன் உள்ளே நழுவி இரண்டு மூன்று மி.மீ. விலகினால்கூட எல்லாம் இரட்டையாகத் தெரியும். இரண்டு பக்கமும் ரப்பர் துண்டு ஒட்டிப் பிடிமானம் கொடுங்கள்.

போனில் ஜைரோஸ்கோப் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். விலை குறைந்த பல போன்களில் இருப்பதில்லை. யூடியூப் செயலியில் சுற்றிலும் எல்லாத் திசையும் தெரியும் ஒரு 360 வீடியோவை ஓடவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி உடம்போடு திரும்புங்கள். காட்சியும் கூடவே திரும்பினால் இருக்கிறது. விரலால் இழுத்தால்தான் நகர்கிறது என்றால் அந்தப் போன் இதற்கு ஆகாது.

வகுப்புக்கு முந்தைய நாளே வீடியோவைப் பதிவிறக்கி வையுங்கள். மழை நாளில் குன்னூர் சிக்னலை நம்பி ஒரு பீரியடை அடகு வைக்காதீர்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் நடுவில் யாருடைய அழைப்பும் வராது. திரை வெளிச்சத்தை முழுதாக வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் போன் சூடேறித் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது சற்று ஓய்வு கொடுங்கள்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கு பெட்டி, ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், கைமாற ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்றுக்கு 40 நிமிடம். பீரியடே முடிந்துவிடும், பாடம் எப்போது நடத்துவது? இரண்டு பீரியடாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குத் தலைப்பட்டை போடவேண்டாம். கையால் பிடித்துப் பார்க்கும்போது பிள்ளை உடம்போடு சேர்ந்து மெதுவாகத் திரும்பும், கை வலித்ததும் தானாகவே இறக்கிவிடும். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் வட்டம் போட்டு, பார்ப்பவர் அதற்குள் நிற்கட்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை காவல் இருக்கட்டும். முகம் படும் விளிம்பில் ஒட்டிய பஞ்சுத் தாளை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள். கண்நோய் பரவும் பருவத்தில் இந்த வகுப்பையே தள்ளி வைப்பது நல்லது.

மகளுக்கு 12 வயது. கல்லட்டி பஸ்ஸில் வாந்தி எடுப்பவள். மாமா வாங்கித்தந்த வி.ஆர். ஹெட்செட்டிலும் தலைசுற்றுகிறது என்கிறாள். கண் கெட்டுவிடுமா?
– இல்லத்தரசி, உதகை

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பதன் மறுபக்கம்தான் ஹெட்செட்டுக்குள் நடக்கிறது. பஸ்ஸில் உடல் திரும்புவதை உட்காது உணர்கிறது. முன்சீட்டையே பார்க்கும் கண்ணோ 'நாம் அசையவில்லை' என்கிறது. வி.ஆரில் கண் 'ஓடுகிறேன்' என்கிறது, காது 'சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறது. இரண்டிலும் மூளைக்கு வரும் செய்திகள் முரண்படுகின்றன, வயிறு புரட்டுகிறது. பஸ்ஸில் தூரத்துச் சாலையைப் பார்த்தால் சரியாகும். வி.ஆரில் கழற்றுவதுதான் மருந்து. வியர்வை, கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, இவற்றில் ஒன்று தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். 'பழகிவிடும், பொறுத்துக்கொள்' என்று உட்காரவைத்தால் அடுத்த முறை கருவியைப் பார்த்ததுமே குமட்டும்.

முதலில் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள், கருவியின் லென்ஸ் இடைவெளி அதற்குப் பொருந்த வேண்டும். கண்ணாடி முன் 20 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்லி, மி.மீ. ஸ்கேலைப் புருவத்தின் மேல் கிடையாகப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்மணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். தலையையும் ஸ்கேலையும் அசைக்காமல் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, அந்தக் கண்மணி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி சுமார் 63 மி.மீ., பிள்ளைகளுக்குக் குறைவு. குவெஸ்ட் 2 கருவியில் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள். மகளின் அளவு 58க்கும் வெகுவாகக் குறைந்தால் அந்தக் கருவி அவளுக்கு இன்னும் பொருந்தாது, அவ்வளவுதான்.

அடுத்து விளையாட்டின் அமைப்புகளில் நடப்பதற்குப் பதில் 'டெலிபோர்ட்' (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தாவுவது), திரும்புவதற்கு 'ஸ்னாப் டர்ன்' (படிப்படியாக வெட்டித் திரும்புவது) தேர்ந்தெடுங்கள். ரோலர் கோஸ்டர், கார் பந்தயம் இப்போதைக்கு வேண்டாம். ஒரே இடத்தில் நின்று ஆடும் விளையாட்டில் தொடங்கி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். எதிரில் ஒரு மேசை விசிறி ஓடினால், தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது உடலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பலருக்கு இது உதவுகிறது.

கண்ணைப் பொறுத்தவரை: திரை கண்ணருகே இருந்தாலும் லென்ஸ் அதைச் சுமார் ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல் ஆக்குகிறது. கண் எப்போதும் அந்தத் தூரத்துக்கே குவிந்திருக்க, மூக்கருகே வரும் பொருளைப் பார்க்க மட்டும் கருவிழிகள் உள்நோக்கித் திரும்புகின்றன. அந்த இழுபறியில்தான் கண் சோர்கிறது. மிக அருகில் பொருள்கள் வரும் விளையாட்டுகளைக் குறையுங்கள். மெட்டா நிறுவனம் வயது வரம்பை 2023ல் 13லிருந்து 10 ஆகக் குறைத்தது, அதுவும் பெற்றோர் மேற்பார்வையில். வலிப்பு வந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. தலைசுற்றல் சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். மாமாவும் கழற்றிய கையோடு ஸ்கூட்டரை எடுக்கவேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தில் ஏ.ஆர். செயலியில் ஒரு கொட்டகை மாதிரியை நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. சிகரங்களின் பெயர் காட்டும் செயலியும் பெயரை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. போன் பழுதா?
– சிறு விவசாயி, மஞ்சூர்

பழுது இல்லை. ஏ.ஆர். செயலி காட்சியில் அழுத்தமான மூலைகளையும் புள்ளிகளையும் தேடிப் பிடித்து, அவை நகர்வதை வைத்துத்தான் போன் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. தேயிலைச் செடி எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி. போதாததற்குக் காற்றில் தளிர் அசைகிறது. பிடித்த புள்ளி எது, பக்கத்துச் செடியின் புள்ளி எது என்று அதற்குக் குழப்பம். மூடுபனி இறங்கிவிட்டால் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது. வெள்ளைச் சுவர், ஈரம் மின்னும் சிமெண்டுத் தரை, அந்தி இருட்டு எல்லாம் இதே கதை.

கொட்டகை வரும் இடத்தில் அசையாத, ஒன்றுபோல் இல்லாத பொருள்களைப் பரப்புங்கள். நான்கைந்து கற்கள், ஒரு சாக்கு, அச்சடித்த செய்தித்தாள் இரண்டு தாள்கள், கல் வைத்து அழுத்தி. போனைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு அடி நடந்து தரையைப் பத்து வினாடி காட்டிய பிறகு மாதிரியை வையுங்கள். நின்ற இடத்தில் போனைச் சுழற்றினால் மட்டும் போதாது, இடம் மாறினால்தான் அதற்குத் தூரம் பிடிபடும். காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் நல்லது.

சிகரப் பெயர் விஷயம் வேறு. அந்தச் செயலி கேமராவை அல்ல, ஜி.பி.எஸ்., திசைகாட்டி, நிலப்பரப்பின் உயரத் தரவு மூன்றையும் நம்புகிறது. கோளாறு அநேகமாகத் திசைகாட்டியில்தான். காந்தம் வைத்த போன் கவர், ஜீப்பின் பானெட், இரும்புக் கைப்பிடி எதுவும் அதைக் கெடுக்கும். திசை 5 டிகிரி பிசகினால் 5 கி.மீ. தூரத்தில் பெயர் 430 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். கவரைக் கழற்றி, வண்டியை விட்டு விலகி, போனைக் காற்றில் எட்டு வடிவில் நான்கைந்து முறை சுழற்றுங்கள். பிறகும் விலகல் இருந்தால், நன்றாக அடையாளம் தெரிந்த சிகரம் ஒன்றை, தொட்டபெட்டா (2,637 மீ.) போல, எடுத்துக்கொண்டு திரையில் உள்ள கோட்டை விரலால் நகர்த்தி அதோடு பொருத்திவிடுங்கள். சோலைக்குள் நின்று பார்க்காதீர்கள், மரங்கள் ஜி.பி.எஸ்ஸையும் குழப்பும்.

எங்கள் ஹோம்ஸ்டேயை 360 கேமராவில் எடுத்தேன். போனில் அழகாக இருக்கிறது, ஹெட்செட்டில் மங்கல். சாப்பாட்டு மேசை ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.
– தங்கும் விடுதி நடத்துபவர், கூடலூர்

மங்கலுக்குக் காரணம் வெறும் கணக்கு. 5.7கே வீடியோவின் அகலம் 5,760 புள்ளிகள். அதை 360 டிகிரிக்குப் பிரித்தால் ஒரு டிகிரிக்கு 16. நல்ல கண் ஒரு டிகிரியில் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். அறைகளுக்கு வீடியோ எதற்கு? புகைப்படமாக எடுங்கள். 12,000 புள்ளி அகலத்தில் படமெடுக்கும் கேமராக்கள் உண்டு, அதில் டிகிரிக்கு 33 கிடைக்கும்.

மேசை வெட்டுப்பட்டது கேமராவின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு லென்ஸின் படங்களும் சேரும் தையலில். ஒரு மீட்டருக்குள் இருக்கும் பொருள் அந்தக் கோட்டில் வந்தால் ஒட்டாது. கேமராவின் ஒரு லென்ஸ் மேசையை நேராகப் பார்க்க, விளிம்புப் பக்கம் வெறும் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். உயரம் ஒன்றரை மீட்டர். அதற்குக் கீழே போனால் பார்ப்பவருக்குத் தான் குழந்தையாகிவிட்ட உணர்வு வரும். ஜன்னல் வெளுத்துப்போகாமல் இருக்க எச்.டி.ஆர். (வெளிச்சமும் நிழலும் சேர்ந்து பதியும் அமைப்பு) போடுங்கள். மூடுபனியில் லென்ஸில் படியும் துளிகளை ஒவ்வொரு படத்துக்கு முன்னும் துடையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையெனில் அது சுருங்கி, 360 என்ற தகவலும் போய், வளைந்த நீளப் படமாகத்தான் போய்ச் சேரும்.

படத்தில் எந்த மாதம் எடுத்தது என்று எழுதிவிடுவது நேர்மை. ஜனவரிப் படத்தைப் பார்த்து ஜூலையில் அறை பிடித்தவர் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவார்.

பழைய ஹெட்செட் வாங்கினேன். உள்ளே மஞ்சள் புள்ளிகள். துடைத்தால் போகவில்லை.
– வாசகர், வெலிங்டன்

போகாது. முந்தைய சொந்தக்காரர் ஜன்னலோரம் வைத்திருப்பார். வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையைச் சுட்டிருக்கும், சில நொடி போதும். மேகமூட்டமான ஊர்தானே என்று நீங்களும் அசட்டையாக இருக்காதீர்கள், மேகம் விலகும் நேரம் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். ஜெல்லின் நிறம் மாறினால் காயவைத்தோ மாற்றியோ பயன்படுத்துங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான், ஸ்பிரிட்டும் சானிடைசரும் மேல்பூச்சை உரித்துவிடும். குளிர்ந்த காலையில் மாட்டியதும் ஆவி படிந்தால், பத்து நிமிடம் முன்பே ஆன் செய்து சூடேறவிடுங்கள்.

ஏ.ஆர். செயலி செய்யக் கற்க எங்கே தொடங்குவது?
– பாலிடெக்னிக் மாணவர், உதகை

முப்பரிமாண உருவம் வரையும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், அதில் ஒரு நாற்காலி வரையுங்கள். பிறகு செயலி உருவாக்க யூனிட்டி மென்பொருளும் அதற்கான சி ஷார்ப் நிரல்மொழியும். கணினியில் 16 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. உங்கள் போன் கூகுளின் ஏ.ஆர்.கோர் (ஏ.ஆர். செயலிகளை ஓட்டும் மென்பொருள்) ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் எழுதியதை ஓட்டிப் பார்க்கவே முடியாது. முதல் பயிற்சிக்கு ஓர் அச்சுப் படத்தைக் காட்டினால் அதன்மேல் நாற்காலி வந்து நிற்பதுபோல் செய்யுங்கள்.